சிவலீலாவின் நானூற்றுப் பன்னிரண்டு கழிப்பறைகள்

1

இந்தக் கதை ஒரு மழைநாள் மாலையில் என் மனதில் கருக்கொண்டது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் ஒரு வாட்ஸப் செய்தியில் பிறந்தது. எனக்குத் தெரிந்த சிறுபத்திரிகை ஆசிரியர் ஒருவர் அனுப்பியிருந்தார்: "சாதாரண ஜனங்க ஏன் இணையத்துல எதையாவது போட்டுக்கிட்டே இருக்காங்க? இதுதான் சிறப்பிதழ். கதையாவும் தரலாம். சன்மானம் வழக்கம்போல."

வழக்கம்போல என்றால் கிடையாது என்று பொருள். ஒரே நிமிடத்தில் ஒப்புக்கொண்டேன். கேள்விக்கு விடை என்னிடம் முன்பே இருந்தது: தற்பெருமை. விடை கையில் இருக்கிறது, இனிக் கதையை அதன் தலையில் கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

(அந்தப் பத்திரிகையில் பதினாறு வருடமாக எழுதுகிறேன். முந்நூறு பிரதி அச்சாகிறது. நூறு பிரதி ஆசிரியர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் எழுதுவது தற்பெருமை ஆகாது. அது இலக்கியம்.)

தொடக்கம் ஒன்று: "தண்டவாளத்தின் நடுவே ஆடிக்கொண்டிருந்த இளைஞனுக்கு ரயில் வரும் ஓசை கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் முகமறியாதவர்களின் கைதட்டல்" – நிறுத்தினேன். எனக்கு அப்படி ஒருவனையும் தெரியாது. எங்கள் ஊர்த் தண்டவாளத்தோரம் எருமைகள் மேய்கின்றன. அவை ஆடுவதில்லை.

தொடக்கம் இரண்டு: "விமலா சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படமெடுத்தாள். எடுத்து முடித்தபோது சாம்பார்" – இதையும் நிறுத்தினேன். ஆறிப்போன சாம்பார் என்று எழுத வந்தேன். சாம்பாரைவிட அந்த நகைச்சுவை ஆறிப்போயிருந்தது.

தொடக்கம் மூன்று: "மனிதன் அடிப்படையில்" – இப்படித் தொடங்கும் எதையும் நான் மேலே படிப்பதில்லை. உங்களை மட்டும் படிக்கச் சொல்வது நியாயமில்லை.

நாலாவது தொடக்கம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அது தெரிய எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

2

தாவணகெரெயில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைடு போடும் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறேன். கன்னடத்தில் பிழை திருத்துவேன், தமிழில் பிழை செய்வேன். இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் என்னை எழுத்தாளர் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

சிவலீலா எங்கள் விற்பனைப் பிரதிநிதி. நாற்பத்தாறு வயது. இரண்டு துணிப்பைகளில் மாதிரி கைடுகளைத் திணித்துக்கொண்டு காலை ஏழு மணி பஸ்ஸில் கிளம்பி, நான்கு மாவட்டங்களின் பள்ளிக்கூடங்களைச் சுற்றுவார். தலைமையாசிரியர்கள் காத்திருக்க வைப்பார்கள். காத்திருப்பார். வாரத்தில் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தூக்குப் பாத்திரத்தைத் திறந்து சோள ரொட்டி சாப்பிடுவார். பதினோரு வருடமாக என் பக்கத்து மேசை. நான் அவரைப் பற்றி எதுவுமே யோசித்ததில்லை. எழுத்தாளனுக்கு மனிதர்களைக் கவனிப்பது தொழில் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.*

* ஒரே ஒரு பேட்டி. மேற்படி பத்திரிகையில் வந்தது.

ஜனவரி மாதம் ஹூப்ளிக்குப் போய்விட்டு அலுவலக வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ளவனுக்கு நெடுஞ்சாலை என்பது இரண்டு கழிப்பறைகளுக்கு இடைப்பட்ட தூரம். ஹாவேரி தாண்டியதும் அவசரமாகி, போனில் மேப்பைத் திறந்து தேடினேன். ஒரு தாபாவின் பெயருக்குக் கீழே கன்னடத்தில் இப்படி இருந்தது:

"ஆண்கள் பக்கம் பரவாயில்லை என்று கண்டக்டர் சொன்னார். பெண்கள் பக்கம் தாழ்ப்பாள் இல்லை. இடது காலால் கதவை அழுத்திப் பிடிக்க வேண்டும். உயரம் குறைந்தவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போகவும். தண்ணீர் வருகிறது. மூன்று ஸ்டார்."

எழுதியவர் பெயர் சிவலீலா. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் இரண்டு துணிப்பைகளின் படம். பைகளில் எங்கள் பதிப்பகத்தின் பெயர், சிவப்பு எழுத்தில்.

என் அவசரத்தை முடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். ஊர் வந்து சேரும்வரை படித்தேன். ஆறு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள். உணவகங்கள், பெட்ரோல் பங்குகள், பஸ் நிலையங்கள், கல்யாண மண்டபங்கள். ஒரு இடத்தில்கூட இட்லி எப்படி என்று அவர் எழுதவில்லை.

"சுத்தம். ஆனால் விளக்கு ஸ்விட்ச் வெளியே இருக்கிறது. வெளியே நிற்பவர் நல்லவராக இருக்க வேண்டும். நான்கு ஸ்டார்."

"வாளி உடைந்திருக்கிறது. போன மாதமும் இதையே எழுதினேன்."

"பக்தர்களுக்கு மட்டும் என்று பலகை. நான் பக்தை என்றேன். விட்டார்கள். ஐந்து ஸ்டார்."

"ஜன்னல் பெரியது. காற்றோட்டம் அருமை. எதிரே டீக்கடை. ஒரு ஸ்டார்."

கடைசி மதிப்புரையை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் டீக்கடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வருணித்திருப்பேன்.

இதையெல்லாம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓரத்தில் எண் இருந்தது. எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்துச் சொச்சம். என் சிறுகதைத் தொகுதி எட்டு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிரதி விற்றிருக்கிறது. அதில் நாற்பது நானே வாங்கியது. நான் பொறாமைப்படவில்லை. வேன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

3

அடுத்த வாரம் அவர் ரொட்டியை விண்டுகொண்டிருந்தபோது எதற்காக இதை எழுதுகிறார் என்று கேட்டேன். கையில் ஒரு நோட்டும் வைத்திருந்தேன். சிறப்பிதழ் மனதில் இருந்தது.

"போனேன், பாத்தேன், எழுதினேன். இதுல எதுக்குன்னு என்ன இருக்கு அண்ணா?"

ஏதாவது காசு வருகிறதா என்று கேட்டேன்.

"கழுவறதுக்கே யாரும் காசு குடுக்கறதில்ல. எழுதறதுக்கா குடுக்கப் போறாங்க?"

அவருடைய கணவர் ஈரண்ணா மாவு மில் வைத்திருக்கிறார். அவருக்கு இந்த விஷயம் தெரியுமாம். மில்லுக்கு வருகிறவர்களிடம், என் சம்சாரம் படிச்ச படிப்புக்குக் கக்கூசுக்கு மார்க் போடற உத்தியோகம் கிடைச்சிருக்கு என்று சொல்லிச் சிரிப்பாராம். சிவலீலா அதைச் சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று யோசித்து, "அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு" என்று தொடங்கி விட்டுவிட்டேன். சிரிப்புக்குப் பின்னால் பல்லிடுக்கில் கடலைப்பொடி இருந்தது. வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

என் விடை தற்பெருமை என்று சொன்னேன் அல்லவா? இங்கே அது பொருந்த மறுத்தது. கழிப்பறையில் பெருமை தேடுகிறவர் முகத்தையாவது போட்டிருப்பார். இவர் பையைப் போட்டிருந்தார். ஆகவே எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். பாத்திரம் காரணம் சொல்லாவிட்டால் காரணத்தை நாமே தைத்துப் போட்டுவிடுவது.

4

மூன்று காரணங்கள் எழுதினேன். எழுதியதைக் கன்னடத்தில் அவருக்குப் படித்தும் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதல் காரணம்: "பதின்மூன்று வயதில், பள்ளிச் சுற்றுலாப் பேருந்தில், அடக்க முடியாமல் போன அந்த மதியத்தின் அவமானம் அவளை வாழ்நாள் முழுவதும் துரத்தியது."

[சிவலீலா: "எங்க ஸ்கூல்ல டூரே கூட்டிட்டுப் போனதில்ல."]

இரண்டாவது: "சிறுநீரகம் கெட்டு இறந்துபோன அக்காவின் நினைவாக அவள் ஒவ்வொரு"

[சிவலீலா: "எனக்கு அக்காவே கிடையாதே. ரெண்டு அண்ணன். ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கானுங்க."]

மூன்றாவது: "இது ஒரு மௌனப் புரட்சி. சொல்லப்படாத பெண்ணுடலின் சரித்திரத்தை அவள் நட்சத்திரங்களால்"

[இங்கே அவர் தூக்குப் பாத்திரத்தைக் கழுவ எழுந்து போய்விட்டார்.]

திரும்பி வந்து என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்டார்: "ஒரு ஆளு ஒரு வேலையச் செய்யணும்னா யாராவது சாகணுமா அண்ணா?"

கதை அத்தோடு நின்றது. ஆசிரியருக்குத் தாமதமாகும் என்று செய்தி போட்டேன். எல்லோரும் தாமதம்தான், அவசரமில்லை என்று பதில் வந்தது. இப்படி ஒரு பத்திரிகையில் எழுதுவதில் இதுதான் சுகம்.

5

அதற்குப் பிறகு நடந்தது நானாக எழுதியதில்லை. எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படி எழுதியிருப்பேன்.

ராணிபென்னூருக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய உணவகம். நந்தாதீபா கார்டன் என்று பெயர். கல்யாணக் கூட்டங்களும் சுற்றுலா பஸ்களும் நிற்கிற இடம். டிசம்பரில் சிவலீலா அதற்கு ஒரு ஸ்டார் போட்டிருந்தார்: "பெண்கள் பக்கம் பூட்டு. சாவி கல்லாவில். கல்லாக்காரர் எதற்கு என்று சத்தமாகக் கேட்கிறார். பதில் சொன்னால்தான் தருகிறார். சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்."

நான்கு வரி. அறுபத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். முந்நூறு பேர் இது பயனுள்ளது என்று அமுக்கினார்கள். மார்ச்சில் இரண்டு சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் பஸ்களை நாலு கிலோமீட்டர் தள்ளி வேறு இடத்தில் நிறுத்தத் தொடங்கின.

முதலாளி மகாந்தேஷ் மதிப்புரையைத் தேடிப் படித்தார். பைகளின் படத்தைப் பெரிதாக்கினார். எங்கள் பதிப்பகத்தின் பெயரைப் படித்தார். அவருடைய மைத்துனர் எட்டுப் பள்ளிக்கூடங்களின் தாளாளர். எட்டிலும் எங்கள் கைடுதான்.

எங்கள் முதலாளி ஹாலப்பா என்னையும் சிவலீலாவையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கத்துகிற ரகமில்லை, வருத்தப்படுகிற ரகம். அந்த எட்டுப் பள்ளிக்கூடமும் போனால் சிவலீலாவை வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்றார். அந்த ஒற்றை ஸ்டாரை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் ஐந்து ஸ்டார் போட்டு நல்லதாக நாலு வரி எழுத வேண்டும்.

பிறகு என்னைப் பார்த்தார். "மேஷ்ட்ரே, நீங்க எழுத்தாளர். நல்லதா எழுதிக் குடுங்க. உங்க திறமைய ஆபீசுக்கும் கொஞ்சம் காட்டுங்க."

பத்தொன்பது வருடத்தில் இந்த அலுவலகத்தில் யாரும் என் எழுத்தைக் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள்.

6

எழுதினேன். அதை மறைக்கப் போவதில்லை. கன்னடத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

"நீண்ட பயணத்தின் களைப்பைக் கழுவிக் களையும் ஓர் இளைப்பாறல். பளிங்கெனப் பளபளக்கும் தரை. மகளிரின் மாண்பை மனதில் நிறுத்திய ஏற்பாடு. தூய்மை இங்கே வெறும் கடமையல்ல, ஒரு விருந்தோம்பல்."

இருபது நிமிடம் எடுத்தது. "கழுவிக் களையும்" என்பதில் மோனை தானாக விழுந்தது. ஒரு பொய்யை எழுதும்போது மொழி எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது பாருங்கள். அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அது எனக்குத் தடையாகவே இருக்கவில்லை.

சிவலீலா படித்துவிட்டு, "இதுல சாவி எங்க அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

ஹாலப்பாவிடம் ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் நந்தாதீபாவுக்குப் போவதாகச் சொன்னார். பூட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இல்லையென்றால் அவராகவே மாற்றி எழுதிவிடுவாராம், யாரும் சொல்லத் தேவையில்லையாம். நானும் வருகிறேன் என்றேன். துணைக்கு என்று சொன்னேன். கதைக்கு என்பதுதான் நிஜம்.

7

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், இந்தப் பக்கம் நான். ஹரிஹர் தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மேப்பைத் திறந்து ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு பாதி பாட்டில் குடித்தார்.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் காலையில் வீட்டில் குடிக்கிற ஒரு டம்ளர் தண்ணீரோடு சரியாம். ராத்திரி வீடு திரும்பித்தான் அடுத்த டம்ளர். இரண்டாம் வருடம் காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாராம். டாக்டரம்மா திட்டிய திட்டை இன்னும் மறக்கவில்லை என்றார்.

நான் நோட்டை எடுத்துவிட்டேன். காரணம் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கை, டாக்டரின் திட்டு, அங்கே எடுத்த சபதம். இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று ஏறக்குறைய சண்டையே போட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? காய்ச்சல் வந்துச்சு, போச்சு. அதுக்கப்பறம் மூணு வருஷம் ஓரமா ஒதுங்கித்தான் சமாளிச்சேன். ஒண்ணும் எழுதல."

அப்புறம் எப்படித்தான் ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். மக்காச்சோளத் தட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"புதுப் போன் வாங்கினேன். ஒருநாள் ஒரு பங்க்ல போயிட்டு வந்து பஸ் ஏறினேனா, போன் கேட்டுது. நீங்க போன இடம் எப்படி இருந்துச்சுன்னு. அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல அண்ணா. வீட்டுக்குப் போனா எத்தன ஆர்டர்னு கேப்பாங்க. ஆபீசுலயும் அதான். போன இடம் எப்படி இருந்துச்சுன்னு அதுதான் கேட்டுது. சொன்னேன்."

(இந்த இடத்தில் எழுத்தாளன் தலையிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டது யாரோ ஒரு மென்பொருள், அது தினமும் கோடிப் பேரிடம் இதையே கேட்கிறது, அதன் நோக்கம் விளம்பரம் என்று விளக்க வேண்டும். விளக்க ஒரு பத்தி தயாராக வைத்திருந்தேன். பதினோரு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன் கேட்காததை அது கேட்டிருக்கிறது என்பதால் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.)

நந்தாதீபாவில் பூட்டு இருந்தது.

மகாந்தேஷ் நான் கற்பனை செய்த வில்லனாக இல்லை. நெற்றியில் விபூதி, நாற்பது வயதிருக்கும், கைகூப்பி வரவேற்றார். தோசை வரவழைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. திறந்து வைத்தால் லாரிக்காரர்கள் முதல் குளிக்க வருகிறவர்கள் வரை எல்லோரும் நுழைந்து நாசமாக்குகிறார்கள், அதனால்தான் பூட்டு என்றார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா. ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டீங்க" என்றார்.

"எதுக்குன்னு உங்க ஆளு கேட்டப்ப ஊரு உலகம் இங்கதானே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு" என்றார் சிவலீலா.

அப்போது ஒரு மினிபஸ் வந்து நின்றது. கல்யாணக் கூட்டம். பட்டுப்புடவையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் நேராகக் கல்லாவுக்கு வந்து சாவி கேட்டார். கல்லாவில் இருந்தவர் தினசரியிலிருந்து தலையைத் தூக்காமல், எதற்கு என்று கேட்டார். அவருக்குப் பின்னால் சம்பந்தி வீட்டு ஆண்கள் ஏழெட்டுப் பேர். அந்த அம்மாள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

சிவலீலா எழுந்தார். கல்லா ஓரத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை. வாசலில் அந்த அம்மாளைப் பிடித்து, "வாங்க, நானும் அங்கதான் போறேன்" என்று கையைப் பற்றிக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்தார்கள். மகாந்தேஷ் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகாந்தேஷைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினார். உட்கார்ந்தார். போனை எடுத்து, மகாந்தேஷ் பார்க்கும்படி மேசைமேல் வைத்து, அந்த நான்கு வரியை அழித்தார்.

8

இங்கே வாசகர் புத்தகத்தை எறிந்தால் நான் தடுக்க மாட்டேன். நானும் அதைத்தான் செய்ய நினைத்தேன்.

வேறு முடிவுகள் என்னிடம் இருந்தன. ஒன்றில் மகாந்தேஷ் கண் கலங்கிப் பூட்டை உடைக்கிறார். இன்னொன்றில் சிவலீலா வேலையை உதறுகிறார், எட்டு லட்சம் பேர் அவருக்காகத் திரள்கிறார்கள், ஹாலப்பா மன்னிப்புக் கேட்கிறார். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி இரண்டையும் அவரிடம் சொன்னேன். அப்படி ஒரு காரியத்தைச் செய்த கையால் உடனே எப்படி அழித்தீர்கள் என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. என் கதாநாயகி என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டார்.

"என் பொண்ணு நர்சிங் மூணாவது வருஷம் அண்ணா. உங்களுக்கென்ன, கதைல வேலைய விட்டுட்டு வீரமா வந்துடலாம். மறுநாள் காலைல அந்தக் கதைல யாரு ரொட்டி தட்டறது?"

ஆனால் இரண்டாவது காரியத்தை அவர் செய்யவில்லை. ஐந்து ஸ்டார் போட மறுத்துவிட்டார். இருந்ததை எடுத்துவிட்டேன், இல்லாததை எழுத மாட்டேன் என்று ஹாலப்பாவிடமே சொன்னார். ஹாலப்பா இரண்டு நாள் வருத்தப்பட்டார். பிறகு விட்டுவிட்டார். எட்டுப் பள்ளிக்கூடங்களும் தங்கின. சிவலீலாவும் தங்கினார். போன வாரம் கணக்குப்படி நானூற்று முப்பது ஆகியிருக்கிறது.

நான் எழுதிய நான்கு வரி மட்டும் வீணாகவில்லை. ஹாலப்பா அதை மகாந்தேஷுக்கு அனுப்பியிருக்கிறார். மகாந்தேஷ் அதை வேறு யாருடைய பெயரிலோ ஐந்து ஸ்டாரோடு போட்டிருக்கிறார். ஏப்ரலில் தற்செயலாகப் பார்த்தேன். இன்றைய தேதிக்கு இருபத்தாறாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். என் வாழ்நாளில் நான் எழுதிய எல்லாவற்றையும் எல்லோரும் படித்ததைக் கூட்டினாலும் அதில் பாதி வராது. கழிப்பறையைப் பற்றி இவ்வளவு அழகாக யாரால் எழுத முடியும் என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார்.

காலையில் பல் தேய்க்கும் முன் அந்த எண்ணைப் பார்க்கிறேன். நேற்று முந்நூறு கூடியிருந்தது. மனம் ஒரு நொடி குளிர்ந்தது. பிறகு, அந்த முந்நூறு பேரில் அதை நம்பி அங்கே இறங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்தேன். அந்த யோசனை முதலில் வரவில்லை, பிறகுதான் வந்தது என்பதைக் குறித்து வைக்கிறேன். சிறப்பிதழ் ஆசிரியரே, உங்கள் கேள்விக்கு நான் முதல் நிமிடத்தில் வைத்திருந்த விடை சரிதான். ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

9

இந்தக் கதையைப் போட அனுமதி கேட்டபோது சிவலீலா, "தமிழ்லதானே எழுதறீங்க? போட்டுக்குங்க" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பூட்டு இப்போது இருக்கிறதா என்று கேட்பீர்கள். தெரியாது. அங்கே போக மாட்டேன் என்று சிவலீலா ஹாலப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் இரண்டு முறை போனேன். கல்லாவிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது. கொஞ்சம் சுற்றி நடந்து எட்டிப் பார்த்தேன். பெண்கள் பக்கம் உங்களுக்கு என்ன சார் வேலை என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வந்துவிட்டேன். என் நான்கு வரியை நீக்கச் சொல்லி மேப்புக்குப் புகார் அனுப்பினேன். அந்த மதிப்புரையில் தவறான சொல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. மொழியளவில் அது உண்மைதான்.

ஆகவே முடிவை உங்களில் யாராவது ஒரு பெண் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு சிறிய இடைஞ்சல் இருக்கிறது. நந்தாதீபா கார்டன் என்பது அந்த உணவகத்தின் பெயர் இல்லை. ராணிபென்னூர்ப் பக்கமும் இல்லை. எனக்கும் அதே அலுவலகத்தில்தான் சம்பளம், பெயரை மாற்றிவிட்டேன். அதனால் எந்த இடம் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

நெடுஞ்சாலையில் இருக்கிற ஒவ்வொன்றிலும் இறங்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.